எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, சேர்?

2002ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி ஒரு வியாழக்கிழமை. யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாவதற்கு இன்னும் எட்டு நாட்கள் இருந்தன. கிழக்கிலங்கையின் ஒரு பாடசாலையில் நான் அப்போது உயர்தர வகுப்புகளுக்கு வரலாறு படிப்பித்துக் கொண்டிருந்தேன். அன்றைய காலைக் கூட்டத்தில் பேச வேண்டுமென்று முதல் நாளே என்னிடம் சொல்லப்பட்டிருந்தது. ஒரு மாணவியின் அப்பியாசக் கொப்பிக்குள் இருந்து வாழ்த்து அட்டை ஒன்று அகப்பட்டிருந்தது. கையால் வரைந்த அட்டை. கூட்டத்தில் அதை ஒருவர் ஒலிவாங்கியில் வாசித்துக் காட்டினார். எழுதியவளின் பெயர் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பின்னர் நான் எழுந்து காதலர் தினத்தின் 'வரலாற்றைச்' சொன்னேன்.

நான் சொன்னதை வாசகர்களில் பலர் ஏதோவொரு துண்டுப் பிரசுரத்திலோ பத்திரிகையிலோ படித்திருப்பீர்கள். உரோமாபுரியில் குளோடியஸ் என்றொரு பேரரசன் இருந்தான். படைக்கு ஆள் சேர்ப்பதற்காக இளைஞர்கள் திருமணம் செய்வதை அவன் தடை செய்தான். வலன்டைன் என்ற பாதிரியார் இரகசியமாகத் திருமணங்களை நடத்தி வைத்துப் பிடிபட்டார். சிறையிலே சிறையதிகாரியின் மகள் மீது காதல் கொண்டார். தலை கொய்யப்படுவதற்கு முன் 'உன் வலன்டைன்' என்று ஒப்பமிட்டு அவளுக்கு ஒரு கடிதம் விட்டுச் சென்றார். இது ஒரு பாதி. மறுபாதி இன்னும் காரசாரமானது. உரோமர்கள் பெப்ரவரி நடுப்பகுதியில் லூப்பர்காலியா என்ற விழாவில் கன்னிப் பெண்களின் பெயர்களை ஒரு பானையிலே போட்டுக் குலுக்குவார்கள். எவன் கையில் எந்தப் பெயர் வருகிறதோ அந்தப் பெண் அவனுக்கு ஓராண்டுக்கு உரியவள். கெலாசியஸ் என்ற பாப்பரசர் இந்தச் சீரழிந்த விழாவுக்கு வலன்டைனின் பெயரைப் போர்த்திவிட்டார். இப்படியாக நான் பத்து நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று பலர் கைலாகு கொடுத்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் மூலாதாரங்கள் பற்றிய பாடம். முதலாந்தர மூலாதாரம் எது, இரண்டாந்தர மூலாதாரம் எது, கல்வெட்டை எப்படி மதிக்க வேண்டும், பிற்காலத்தில் எழுதப்பட்ட வரலாற்றுக் காவியத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்றெல்லாம் விளக்கிக் கொண்டிருந்தேன். பின் வாங்கில் இருந்த ஒரு பையன் எழுந்தான்.

"சேர், அண்டைக்கு நீங்க பானையில பேர் போட்டுக் குலுக்கின கத சொன்னீங்களே. அது எந்தப் பொத்தகத்துல இரிக்கி?"

வகுப்பு சிரித்தது. அவன் குறும்புக்குக் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "பல புத்தகங்களில இருக்கு, நீ இரு" என்றேன். அவன் இருந்தான். அன்றைய வரவுப் பதிவில் அந்த மாணவியின் பெயருக்கு நேரே வட்டம் விழுந்திருந்தது. அதற்குப் பிறகும் அவள் வரவில்லை.

ஓய்வு பெற்ற பின்னர்தான் அவனுடைய கேள்வியோடு உட்காருவதற்கு எனக்கு நேரம் கிடைத்தது. நேரம் கிடைத்தது என்று சொல்வது பாதி உண்மை. அதற்கு முன் துணிவு கிடைக்கவில்லை என்பது மற்றப் பாதி.

முதலில் லூப்பர்காலியாவைத் தேடினேன். அப்படியொரு விழா இருந்தது, அதில் ஐயமில்லை. பெப்ரவரி 15ஆம் திகதி, உரோமின் பலத்தைன் குன்றின் அடிவாரத்தில், ஓநாய் ஒன்று ரொமியூலஸையும் ரீமஸையும் பாலூட்டி வளர்த்ததாக நம்பப்பட்ட குகையருகே அது நடந்தது. புளூட்டாக் என்ற கிரேக்க எழுத்தாளர் அதை நுணுக்கமாக விவரிக்கிறார். வெள்ளாடுகளையும் ஒரு நாயையும் பலியிடுவார்கள். உயர்குலத்து இளைஞர் இருவரை அழைத்து, இரத்தம் தோய்ந்த கத்தியால் அவர்களது நெற்றியைத் தொடுவார்கள். உடனே பாலில் நனைத்த கம்பளி நூலால் அந்த இரத்தத்தைத் துடைப்பார்கள். துடைத்ததும் அவ்விருவரும் சிரிக்க வேண்டும். ஏன் சிரிக்க வேண்டும் என்பது புளூட்டாக்குக்கே விளங்கவில்லை. பின்னர் ஆட்டுத் தோலை வாராகக் கீறி எடுத்துக்கொண்டு, இடுப்புத் துண்டோடு நகரத்தைச் சுற்றி ஓடுவார்கள். எதிர்ப்படுவோரை அந்த வாரினால் அடிப்பார்கள். பிள்ளைப்பேறு வேண்டிய பெண்கள் தாமாகவே முன்வந்து அந்த அடியை வாங்கிக்கொள்வார்கள். கி.மு. 44இல் நடந்த விழாவில் இப்படி ஓடி வந்தவர்களில் ஒருவர்தான் மார்க் அன்ரனி. ஓடிய கோலத்திலேயே யூலியஸ் சீசருக்கு அவர் முடியை நீட்டினார், சீசர் மறுத்தார், அடுத்த மாதம் சீசர் கொல்லப்பட்டார். உலக வரலாற்றில் இவ்விழாவுக்கு உள்ள இடம் இதுதான்.

இரத்தம் உண்டு, பால் உண்டு, சிரிப்பு உண்டு, அடி உண்டு. பானை இல்லை. பெயர்ச் சீட்டு இல்லை. புளூட்டாக்கிடமும் இல்லை, பண்டிகை நாட்களைப் பற்றியே ஒரு காவியம் பாடிய ஓவிட்டிடமும் இல்லை.

கெலாசியஸிடமாவது இருக்குமென்று போனேன். அவர் 492 முதல் 496 வரை பாப்பரசராக இருந்தவர். லூப்பர்காலியாவைக் கண்டித்து அவர் எழுதிய நீண்ட கடிதம் எஞ்சியிருக்கிறது. கிறிஸ்தவம் அரச மதமாகி ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் உரோமின் பெருங்குடியினர் இவ்விழாவை விட மனமின்றி இருந்தார்கள்; ஆனால் தாங்கள் ஓடுவது கௌரவக் குறைவென்று கருதி, கீழ்மட்டத்தவர்களைக் கொண்டு ஓட வைத்தார்கள். கெலாசியஸ் அவர்களை ஏளனம் செய்கிறார்: இது அவ்வளவு நன்மை தருமென்றால் உங்கள் பாட்டன்மாரைப் போல நீங்களே உடுப்பைக் கழற்றிவிட்டு ஓடலாமே என்கிறார். படிக்கச் சுவையான கடிதம். அதில் வலன்டைன் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஒன்றை நீக்கி மற்றதை வைத்தார் என்பது பின்னால் வந்தவர்கள் இரண்டு திகதிகளும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்துச் செய்த ஊகம்.

வலன்டைனின் கதையும் இப்படித்தான் கையில் நிற்காமல் வழுக்குகிறது. பெப்ரவரி 14க்குரியவர்களாகப் பழைய பட்டியல்கள் ஒரே பெயரில் இருவரைத் தருகின்றன: ஒருவர் உரோமைச் சேர்ந்த குரு, மற்றவர் தெர்னி என்ற ஊரின் ஆயர். இருவரும் பிளமினியப் பெருந்தெருவோரத்தில் அடக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. ஆபிரிக்காவில் இறந்த மூன்றாமவர் ஒருவரும் உண்டு. அவர்களுடைய சரிதைகள் அவர்கள் இறந்து சில நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டவை. அவற்றில் குருட்டுச் சிறுமி ஒருத்தி பார்வை பெறுகிறாள், ஒரு குடும்பம் மதம் மாறுகிறது, தலை வெட்டப்படுகிறது. காதல் இல்லை, இரகசியத் திருமணம் இல்லை, ஒப்பமிட்ட கடிதமும் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் பிரதி செய்யப்பட்ட 'பொன் சரிதை' என்னும் புனிதர் வரலாற்றுத் தொகுப்பிலும் இவை இல்லை. இரண்டாம் குளோடியஸ் 268 முதல் 270 வரையே ஆண்டவன். அந்தச் சொற்பக் காலத்தின் பெரும் பகுதியை எல்லைப்புறங்களில் அலமானியருடனும் கோத்தியருடனும் போரிட்டுக் கழித்தவன். திருமணத்தைத் தடை செய்யும் ஆணை எதையும் அவன் பிறப்பித்ததாக உரோமச் சான்றுகள் எதிலும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையே 1969இல் தன் பொது வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது வலன்டைனின் திருநாளை அதிலிருந்து எடுத்துவிட்டது. அவர் எங்கே அடக்கப்பட்டார் என்பதைத் தவிர வேறெதுவும் உறுதியாகத் தெரியவில்லை என்பதே அதற்கான காரணம். புனிதர்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. உலகம் முழுவதும் கட்டாயமாகக் கொண்டாட வேண்டிய நாளாக அந்த நாள் இல்லை.

அப்படியானால் பானை எங்கிருந்து வந்தது? என் மாணவனின் கேள்விக்கான விடை அல்பன் பட்லர் என்ற ஆங்கிலக் கத்தோலிக்கக் குருவிடம் இருக்கிறது. 1756க்கும் 1759க்கும் இடையில் அவர் புனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் பல பாகங்களாக வெளியிட்டார். அதிலேதான் உரோமப் பையன்கள் ஜூனோ தேவியின் பெயரால் பெண்களின் பெயர்களைச் சீட்டெடுத்தார்கள் என்ற செய்தி வருகிறது. 1807இல் ஷேக்ஸ்பியரின் நாடகங்களுக்கு விளக்கம் எழுதிய பிரான்சிஸ் டவுஸ் என்பவர் இதை எடுத்து லூப்பர்காலியாவோடு இன்னும் இறுக்கமாகக் கட்டினார். அதன் பின் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள். லூப்பர்காலியா ஒழிந்து 1,200 ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதப்பட்டது எத்தனையாந்தர மூலாதாரம் என்று அந்தப் பையன் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ!

பட்லர் பொய் சொல்ல வேண்டுமென்று சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருடைய காலத்து இங்கிலாந்தில் பெப்ரவரி 14 அன்று பெயர்ச் சீட்டெடுக்கும் வழக்கம் நன்றாகவே வேரூன்றியிருந்தது. கண் முன்னால் ஒரு வழக்கம் இருக்கிறது, அதற்கு ஒரு பழைய தொடக்கம் வேண்டும். பழைய உரோமில் அதே மாதத்தில் ஒரு விழா இருக்கிறது. ஆகவே அங்கேயும் சீட்டெடுத்திருப்பார்கள். ஊர்ப் பெயர்களுக்கு நாங்கள் காரணக் கதை கட்டும் முறையும் இதுதானே. வேடிக்கை என்னவென்றால் இந்த நாளைக் கொண்டாடச் சொல்லும் அட்டை வியாபாரியும் கொண்டாட வேண்டாமென்று சொல்லும் பேச்சாளனும் இந்தப் பட்லரின் பானைக்குள்தான் கையை விடுகிறார்கள். நானும் விட்டேன்.

காதலோடு இந்த நாளை இணைத்த மிகப் பழைய சான்றாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் காட்டுவது ஒரு கவிதையை. ஜெப்ரி சோசர் என்ற ஆங்கிலக் கவிஞர் 1380களின் தொடக்கத்தில் எழுதிய 'பறவைகளின் பாராளுமன்றம்'. 1981இல் ஜாக் ஓருச் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதற்கு முந்திய நூல்களைத் துருவிப் பார்த்து, சோசருக்கு முன்னர் வலன்டைனையும் காதலையும் சேர்த்துச் சொன்ன எவரையும் காணவில்லை என்று எழுதினார். சோசரின் காலத்தவர்களான ஜோன் கோவர், சவோய் நாட்டு வீரரும் கவிஞருமான ஓட்டோன் த கிரான்சன் முதலியோரும் இதைப் பாடியிருக்கிறார்கள். ஆகக் கவிஞர்கள் சிலர் கூடி உண்டாக்கிய நாள் என்று சொன்னாலும் பிழையில்லை.

அந்தக் கவிதையை நான் இரண்டு முறை, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, படித்தேன். ஏறத்தாழ 700 வரிகள். வலன்டைன் நாளன்று எல்லாப் பறவைகளும் தமது துணையைத் தெரிவதற்காக இயற்கை என்னும் தேவியின் முன் கூடுகின்றன. தேவியின் கையில் ஒரு பெண் கழுகு அமர்ந்திருக்கிறது. மூன்று ஆண் கழுகுகள் அதன் கையைக் கேட்டு வருகின்றன. முதலாவது குலத்தில் உயர்ந்தது. மூன்றும் மாறி மாறி நாள் முழுவதும் பேசுகின்றன. வாத்தும் தாராவும் குயிலும் பொறுமை இழந்து, எப்போது முடிப்பீர்கள், நாங்கள் வீட்டுக்குப் போக வேண்டாமா என்று கத்துகின்றன. எங்கள் ஊர்க் கூட்டங்களை அறிந்தவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் சிரிப்பார்கள். கடைசியில் தேவி சொல்கிறாள்: முடிவு பெண் கழுகினுடையது. அது யாரைத் தெரிகிறதோ அவன்தான். பெண் கழுகு வெட்கத்தோடு வாய் திறந்து யாரையும் தெரியவில்லை. எனக்கு ஓராண்டு தவணை தாருங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்கிறது. தேவி தவணை கொடுக்கிறாள். மற்றப் பறவைகள் பாடிக்கொண்டு கலைகின்றன.

காதலர் தினத்தின் முதற் கவிதையில் காதல் நிறைவேறவில்லை. ஒரு பெண்ணின் சம்மதம் கேட்கப்பட்டது, அவள் அவகாசம் கேட்டாள், அது வழங்கப்பட்டது. இவ்வளவுதான் நடக்கிறது. பறவைகள் கூடிப் பேசும் காவியம் என்றவுடன் நம்மில் பலருக்குப் பரீதுத்தீன் அத்தாரின் 'மன்திக்குத் தைர்' நினைவுக்கு வரும். அது சோசருக்கு இரு நூற்றாண்டு முந்தியது. அங்கே ஹுத்ஹுத் பறவையின் வழிகாட்டலில் பறவைகள் தம் அரசனைத் தேடிப் போகின்றன. இரண்டுக்கும் தொடர்புண்டு என்று சொல்ல நான் துணியவில்லை. பானை விடயத்தில் பட்ட பாடு போதும்.

இரண்டாம் ரிச்சட் மன்னனுக்கும் பொஹீமியாவின் ஆன் இளவரசிக்கும் பேசி முடித்த திருமணத்தை முன்னிட்டே சோசர் இதை எழுதினார் என்று பலர் கருதுகிறார்கள். 1382 ஜனவரியில் திருமணம் நடந்தபோது இருவருக்கும் வயது 15. அதற்கான உடன்படிக்கை 1381 மே மாதத் தொடக்கத்தில் ஆனது. பெப்ரவரி நடுவில் இங்கிலாந்தின் குளிரில் எந்தப் பறவை துணை தேடும் என்ற சந்தேகத்தோடு இதைச் சேர்த்துப் பார்த்த ஹென்றி அன்ஸ்கர் கெலி என்ற அறிஞர், சோசர் குறித்தது பெப்ரவரி வலன்டைனையே அல்ல, மே 3ஆம் திகதிக்குரிய ஜெனோவா நகரத்து வலன்டைனை என்று 1986இல் ஒரு நூலே எழுதினார். எல்லோரும் இதை ஏற்கவில்லை. அக்காலத்து யூலியன் நாட்காட்டி எட்டு நாள் பின்தங்கியிருந்தது என்பதையும் மறக்கலாகாது. அன்றைய பெப்ரவரி 14 இன்றைய கணக்கில் பெப்ரவரி 22. சில பறவைகள் அப்போது பாடத் தொடங்கிவிடும்.

இனி நான் சொல்லப் போவது, இந்தத் தேடலில் என்னைப் பல நாள் தூங்கவிடாமல் செய்த ஒரு கடிதத்தைப் பற்றி.

1477ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில் மார்ஜெரி புரூஸ் என்றொரு பெண்பிள்ளை. ஜோன் பாஸ்டன் என்பவருக்கு அவளைப் பேசியிருந்தார்கள். பிள்ளைகள் இருவருக்கும் விருப்பம். தாய் எலிசபெத்துக்கும் விருப்பம். இழுபறி சீதனத்தில். மணமகன் பக்கத்தார் கேட்ட தொகைக்குத் தந்தை சேர் தோமஸ் புரூஸ் இறங்கி வரவில்லை. அவருக்கு வேறும் பெண்மக்கள் இருந்தார்கள். தாய் ஓர் உபாயம் செய்தாள். வெள்ளிக்கிழமை வலன்டைன் நாள் வருகிறது, அன்று ஒவ்வொரு பறவையும் துணை தேடும், வியாழன் இரவே வந்து திங்கள் வரை தங்கி என் கணவரோடு நேரில் பேசுங்கள் என்று மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதினாள். பார்த்தீர்களா, சோசரின் பறவைகள் நூறு வருடத்துக்குள் கவிதையை விட்டுப் பறந்து ஒரு தாயின் கலியாணப் பேச்சுக்குள் வந்துவிட்டன! நான் நாட்காட்டியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். அந்த வருடம் பெப்ரவரி 14 வெள்ளிக்கிழமைதான்.

அதே மாதத்தில் மார்ஜெரியும் எழுதினாள். அவளுடைய இரண்டு கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. இரண்டிலும் ஜோனை அவள் தன் வலன்டைன் என்று விளிக்கிறாள். ஆங்கிலத்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய வலன்டைன் கடிதங்கள் இவையே என்பார்கள். உடலிலும் சுகமில்லை, மனதிலும் சுகமில்லை, உங்களிடமிருந்து செய்தி வரும்வரை சுகம் வராது என்கிறாள். உம்மா வாப்பாவோடு மன்றாடிப் பார்த்துவிட்டார், உங்களுக்குத் தெரிந்ததற்கு மேல் கிடைக்கவில்லை, அல்லாஹ் அறிவான் எனக்கு அதில் எவ்வளவு கவலை என்று எங்கள் வீட்டுப் பிள்ளை எழுதுவது போலவே இருக்கிறது. உங்களுக்கு என் மேல் அன்பிருந்தால் இதற்காக என்னை விட்டுப் போக மாட்டீர்கள் என்கிறாள். மற்றக் கடிதத்தில் தொகையையே குறிப்பிடுகிறாள்: நூறு பவுணும் ஐம்பது மார்க்கும், தந்தை இதற்கு மேல் ஒரு சதமும் தரமாட்டார். இது போதுமென்றால் உலகத்திலேயே மகிழ்ச்சியான பெண் நான். போதாதென்றால் இதைப் பற்றி மேலும் அலைய வேண்டாம் என்கிறாள்.

கைக்கூலி பேசும் விறாந்தைகளில் உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்குண்டு. வீடு வளவு, ரொக்கம், நகை என்று ஆண்கள் பேசுவார்கள். கதவுச் சேலைக்குப் பின்னால் பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளை என்ன நினைத்தது என்பதை எந்த ஆவணமும் பதிவு செய்ததில்லை. 1477இல் ஒரு சேலைக்குப் பின்னாலிருந்து வந்த குரல் இது.

அந்தக் கடிதத்தின் கடைசிப் பகுதியில் மார்ஜெரி ஒரு வேண்டுகோள் விடுக்கிறாள். இதை உங்களைத் தவிர இந்த உலகத்தில் வேறு எவரும் பார்க்க வேண்டாம். இத்தனைக்கும் அவள் அதைத் தன் கையால் எழுதவில்லை. தந்தையின் எழுத்தரைக் கொண்டே எழுதுவித்தாள். அவர் வெளியே சொல்லவில்லை போலும். கடிதம் இன்று இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அதை உலகமே வாசிக்கிறது. நானும் வாசித்தேன். அந்த வேண்டுகோளை வாசித்த போது எனக்குக் கேட்டது ஒலிவாங்கியின் கரகரப்பு.

அவர்களுக்கு அந்த வருடமே திருமணமாயிற்று. ஜோனின் தாய் மார்கரெட் தன்னுடைய காணியொன்றை விட்டுக்கொடுக்க முன்வந்ததும் அதற்கு உதவியது.

பிற்கால வழக்கங்களை நான் விரைவாகச் சொல்லி விடுகிறேன். அவற்றில் பல வெறும் விளையாட்டு. பதினேழாம் நூற்றாண்டு இலண்டனில் வலன்டைன் என்பது காதலர் என்ற பொருளைக் கட்டாயமாகத் தரவில்லை. அன்று காலையில் முதலில் கண்ணில் படுபவரே உங்கள் வலன்டைன். அல்லது சீட்டில் வருபவர். திருமணமானவரா, வயதானவரா, குழந்தையா என்பது பொருட்டல்ல. ஆண்கள் பரிசு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கடற்படை அலுவலகத்தில் உயர் உத்தியோகத்தராக இருந்த சாமுவேல் பெப்பிஸ் தன் நாட்குறிப்பில் இதையெல்லாம் கணக்குப்பிள்ளையின் கவனத்தோடு எழுதி வைத்திருக்கிறார். 1661இல் தன் சக உத்தியோகத்தர் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டியவர், திறக்க வருவது ஆணா பெண்ணா என்று கேட்டுவிட்டே உள்ளே போகிறார்; மிங்கோ என்ற கறுப்பினப் பணியாள் உள்ளிருந்து "பெண்" என்று சொல்லிச் சிரிக்க வைக்கிறான். அவ்வீட்டு மகளுக்காக ஒரு சோடி பூவேலைக் கையுறைக்கும் ஆறு சோடி வெள்ளைக் கையுறைக்கும் 40 சிலிங் போயிற்று. அடுத்த வருடம் அந்த வீட்டுப் பக்கமே போகாமல் ஒளித்துத் திரிகிறார். அதே நாள் அவருடைய மனைவி, வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த வர்ணம் பூசுவோர் முதலில் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, தான் எதிர்பார்த்த ஆள் வரும்வரை காலை முழுவதும் கண்களைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தாளாம்.

பெண்பிள்ளைகள் தமக்குள் செய்த சடங்குகள் வேறு. 1755இல் இலண்டன் வார இதழொன்றில் ஒரு குமரியின் கடிதம் போல் எழுதப்பட்ட நகைச்சுவைக் கட்டுரை அவற்றைப் பட்டியலிடுகிறது. முதல் நாள் இரவு தலையணையின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து பிரியாணி இலை போன்ற இலைகளைக் குத்தி வைப்பது; அவித்த முட்டையின் மஞ்சட் கருவை எடுத்துவிட்டு உப்பை நிரப்பி, கோதோடு தின்றுவிட்டுப் பேசாமலும் தண்ணீர் குடிக்காமலும் படுப்பது; காதலர்களின் பெயர்களைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் களிமண்ணில் உருட்டித் தண்ணீரில் போட்டு, எது முதலில் மிதந்து மேலே வருகிறதென்று பார்ப்பது. கோதோடு முட்டை தின்றவளுக்குக் கனவில் மாப்பிள்ளை வந்தாரோ இல்லையோ, தாகம் வந்திருக்கும். மார்ஜெரியின் ஊரான நோர்போக்கில் மட்டும் வழக்கம் பிள்ளைகளுடையதாக மாறியது. மாலையில் யாரோ கதவைத் தட்டுவார்கள். திறந்தால் ஆள் இல்லை, வாசற்படியில் ஒரு பரிசு இருக்கும். தட்டியது ஜாக் வலன்டைன் என்று சொல்வார்கள்.

1840இல் பிரித்தானியாவில் ஒரு பென்னிக்கு எங்கும் கடிதம் அனுப்பலாமென்று வந்தபோது எல்லாம் மாறியது. அதற்கு முன் தூரத்துக்கேற்ற கட்டணம். அதையும் பெரும்பாலும் பெறுபவரே கட்ட வேண்டும். இனிப் பெயர் போடாமல் அனுப்பலாம், தகப்பனிடம் காசு கேட்டுத் தபாற்காரன் நிற்கமாட்டான். அன்பான அட்டைகளோடு, பிடிக்காதவரைக் கேலி செய்து அனுப்பும் மலிவான அட்டைகளும் குவிந்தன; அவற்றைப் பின்னாளில் வினாகிரி வலன்டைன் என்றார்கள். அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், எழுதுகருவிக் கடைக்காரர் ஒருவரின் மகளான எஸ்தர் ஹௌலண்ட், 1847இல் கல்லூரிப் படிப்பை முடித்து வந்த கையோடு இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் அட்டையைப் பார்த்து, இதைவிட நன்றாக என்னால் செய்ய முடியுமென்று தொடங்கினாள். வீட்டு மேசையைச் சுற்றிப் பெண்களை இருத்தி, ஒருத்தி வெட்ட, ஒருத்தி ஒட்ட, ஒருத்தி பின்னற் சரிகை வைக்க என்று வேலையைப் பிரித்தாள். பெரும் வியாபாரமாயிற்று. 1881இல் அதை ஜோர்ஜ் விட்னி என்பவருக்கு விற்றுவிட்டு நோயுற்ற தந்தையைப் பார்க்கப் போய்விட்டாள். கடைசி வரை அவள் திருமணம் செய்துகொள்ளவில்லை.

கடந்த வருடம் அந்த மாணவனின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்தேன். கட்டாரில் ஒரு கட்டுமானக் கம்பனியில் கணக்காளராக இருக்கிறான். தலையில் நரை விழுந்துவிட்டதாம். சுகம் விசாரித்தபின் சொன்னேன்: "மகன், நீ கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சிட்டு. அல்பன் பட்லர், 1756. உரோமர்ட எந்தப் புத்தகத்திலயும் அது இல்ல."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எந்தக் கேள்வி சேர்?" என்றான்.

நான் முழுவதையும் சொன்னேன். கூட்டம், அட்டை, பானை, அவன் எழும்பி நின்றது. அவனுக்குக் கூட்டம் நினைவிருந்தது. தான் கேட்டது நினைவில்லை. பிறகு அவனாகவே, "அந்தப் புள்ளட பேர் என்ன சேர்?" என்று கேட்டான். சொன்னேன். எங்கே இருக்கிறாள் என்று தெரியுமா என்று நான் கேட்டேன். கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போனதாகக் கேள்விப்பட்டதாகவும், எந்த ஊர் என்று தெரியாதென்றும், தங்கையிடம் விசாரித்துச் சொல்வதாகவும் சொன்னான். இன்னும் சொல்லவில்லை.